பத்துக்குப் பதினைந்து: மும்பையில் ஆறு நாள்

முதல் நாள்: குர்லாவிலிருந்து சீட்டா கேம்ப்

வியாசர்பாடியில் அம்மா பேரில் ஒரு மனை இருக்கிறது. 18 அடிக்கு 20 அடி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பழைய வீடு, மழையில் பின்சுவர் விரிசல் விட்டபிறகு இடித்துக் கட்டுவது என்று முடிவாகி, கீழே தம்பி குடும்பமும் அம்மாவும், மேலே நானும் என் வீட்டுக்காரரும் பையனும் என்று பேச்சு. பேச்சு முடிந்தது, பிளான் முடியவில்லை. நான் கம்ப்யூட்டரில், ஆட்டோகேட்டில், வீட்டுப் பிளான் வரைகிற வேலை பார்ப்பவள். பத்து வருஷமாக ஈசிஆர் பங்களாக்களுக்குப் படிக்கட்டு வரைந்திருக்கிறேன், அதில் சிலதுக்குப் படி நிற்கிற ஹால் மட்டுமே எங்கள் மனை அளவு வரும். சொந்த வீடு என்று வந்தபோது படியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாலு மாதமாக அழித்து அழித்து வரைந்துகொண்டிருக்கிறேன். மேஸ்திரி வாராவாரம் போன் போடுவார். "படி உள்ளேயா வெளியேயாம்மா? அதை மட்டும் சொல்லிடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அப்போதுதான் அத்தை ஞாபகம் வந்தது. அப்பாவின் தங்கை. 1982இல் கல்யாணமாகி நாங்குநேரியிலிருந்து நேரே பம்பாய். அத்தை வீடு 10 அடிக்கு 15 அடி. சென்னைக் கணக்கில் சொன்னால் ஒரு கிரவுண்டில் இந்த மாதிரி 16 வீடு. ஊர்க் கணக்கில் சொன்னால் சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு, எங்கள் தாத்தாவின் வைக்கோல் படப்பு இதைவிட அகலமாக இருந்திருக்கும். அதில் மூன்று பிள்ளைகளை வளர்த்து, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து, இப்போது மாமா, அத்தை, அத்தான், அவர் பொண்டாட்டி (நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்), நாலு வயதுப் பேத்தி என்று ஐந்து பேர். பொங்கல் லீவு இருந்தது. பனங்கிழங்கு ஒரு கட்டு, மஞ்சள் குலை, கருப்பட்டி எல்லாம் வாங்கிக்கொண்டு, டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன்.

குர்லா டெர்மினஸில் இறங்கி ஆட்டோ. செம்பூர் தாண்டி, அணுசக்தி நகர் மதிலை ஒட்டிக் கொஞ்ச தூரம் போய், ட்ராம்பே பக்கம் திரும்பினால் சீட்டா கேம்ப். ஆட்டோ தெருமுனையோடு சரி. அதற்குள் அத்தான் வந்து பையை வாங்கிக்கொண்டார். சந்துக்குள் நுழைந்தால் எதிரே ஒரு ஆள் குடத்தோடு வந்தார், நான் சுவரோடு ஒட்டி நின்றேன், அவர் பக்கவாட்டில் திரும்பிப் போனார், ரெண்டு பேருக்கும் அதில் விசேஷம் ஒன்றுமில்லை. நடக்க நடக்கக் காலில் இடித்துக்கொண்டே வந்தது இரும்பு. அத்தனையும் ஏணி. வீட்டுக்கு ஒன்றாகச் சுவரில் சாய்த்து வெல்டிங் வைத்திருக்கிறார்கள். வானம் ஒரு முழ அகலத்துக்குத் தெரிகிறது, அதிலும் பாதி வயரும் தண்ணி பைப்பும்.

சாப்பிட்டுவிட்டு மேலே படுக்கப் போகச் சொன்னார்கள். ஏறுவதில் பிரச்சினை இல்லை. இறங்கும்போது, வீட்டில் மாடிப்படி இறங்குகிற மாதிரி வெளியே பார்த்து இறங்கி, மூன்றாவது படியில் குதிகால் வழுக்கி, முழங்கால் கீழே தோல் உரிந்துவிட்டது. பேத்தி மேலேயிருந்து பார்த்துச் சிரித்தது. அத்தை தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு வந்து, "ஏட்டி, செவுத்தப் பாத்து எறங்கணும். நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியுது" என்றாள். வந்த காரியத்தில் முதல் பாடம் காலில் பதிந்தாயிற்று.

இரண்டாம் நாள்: ஏணியை அளந்தேன்

காலையில் ஐந்தரைக்கே சந்து முழிக்கிறது. தண்ணி வருகிற நேரம். நீல டிரம்மில் பிடித்து, அதிலிருந்து குடத்துக்கு, குடத்திலிருந்து மோரிக்கு. மோரி என்பது இந்த ஊர் வார்த்தை, அறையின் மூலையில் அரை அடி கட்டை எழுப்பித் தடுத்த இடம், பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது, திரை போட்டுவிட்டால் குளிப்பது எல்லாம் அங்கேதான். அத்தை வீட்டு மோரி இரண்டரைக்கு மூன்று. அதை ஒட்டி கடப்பாக்கல் மேடை, மேடைக்குக் கீழே அரிசி டின், கேஸ் சிலிண்டர், மாமாவின் ரேஷன் பைகள். கழிப்பறை தெருக்கோடியில் பொதுவில்.

மாமாவிடம் வீட்டுக் கதை கேட்டேன். அவர் இங்கே வந்தது 14 வயதில். அதற்கு முன்னால் இருந்தது ஜனதா காலனி, நான் ஆட்டோவில் கடந்துவந்த அணுசக்தி நகரை ஒட்டி. அணு ஆராய்ச்சி மையத்துக்கு இடம் வேண்டும் என்று காலி பண்ணச் சொன்னார்கள். அதை எதிர்த்து நின்றவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, பிழைக்க பம்பாய் வந்து, தச்சு வேலை பார்த்துக்கொண்டு, வெட்டவெளியில் படுத்துத் தூங்கிய தமிழர். பின்னால் 2000இல் மகசேசே விருது வாங்கினார், 2018இல் காலமாகிவிட்டார். குப்பை அள்ள மாநகராட்சி வரவில்லை என்று பிள்ளைகளைச் சேர்த்துக் குப்பையை அள்ளிக்கொண்டு போய் அதிகாரிகள் வாசலிலேயே கொட்டவைத்த ஆள். கோர்ட்டு, டெல்லி என்று வருஷக்கணக்கில் இழுத்துப் பிடித்தார். எமர்ஜென்சி வந்ததும் பிடி விட்டுப்போனது. 1976 மே மாதம் போலீஸை நிறுத்தி லாரியில் ஏற்றினார்கள். ஏறக்குறைய 70,000 பேர் என்று கணக்கு.

"எறக்கிவிட்ட எடத்துல வீடு கெடையாது. சேறு. உப்புத்தண்ணிச் சேறு. அதுல கோடு போட்டிருந்தான். பத்துக்குப் பதினஞ்சு. ஒனக்கு இது, ஒனக்கு இது. எங்க அம்மா அந்தக் கோட்டுக்குள்ள பாய விரிச்சு ஒக்காந்துட்டா, எந்திச்சா வேற எவனும் ஒக்காந்துருவான்னு" என்றார் மாமா.

அதற்குமேல் தரையை மூன்று தடவை உயர்த்தியிருக்கிறார்கள். கட்டட இடிபாடு லாரி லாரியாக வாங்கிக் கொட்டி, மேலே சிமென்ட். சந்தை மாநகராட்சி உயர்த்தும், மழைக்குத் தண்ணி வீட்டுக்குள் வரும், உடனே இவர்கள் தரையை உயர்த்துவார்கள், கூரை தலையில் இடிக்கும், பிறகு கூரை உயரும். கூரையும் இஷ்டத்துக்கு உயர முடியாது. குடிசைப் பகுதி வீடு 14 அடிக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. விதியை மீறிய வீடுகள் சந்தில் நாலைந்து தெரிகிறது, அது யார் வீடு என்று நான் எதற்குச் சொல்லப்போகிறேன்.

இந்த 14 அடியில் இரண்டு மாடியை எப்படி எடுக்கிறார்கள் என்று டேப் வைத்துப் பார்த்தேன். கீழே தரையிலிருந்து மேல் தளத்தின் அடிப்பக்கம் வரை 87 அங்குலம். அதாவது ஏழேகால் அடி. தளத்தின் கனம் 5 அங்குலம், இரும்பு ஆங்கிள் வரிசையாகப் போட்டு, இடையில் கல் பரப்பி, மேலே சிமென்ட் பூசியது. மிச்சம் 76 அங்குலம்தான் மேல் வீடு, தகரம் உட்பட. அத்தான் ஐந்து அடி பத்து அங்குலம். சட்டையைத் தலைவழியாகப் போட்டால் கை தகரத்தில் தட்டும். சீலிங் ஃபேன் என்ற பேச்சே கிடையாது, சுவரில்தான் ஃபேன். மழைக்காலத்துக்குத் தகரத்தின்மேல் நீலத் தார்ப்பாய் ஏறிவிடும்.

இப்போது படிக்கணக்கு. என் தொழில் பாஷையில் ஒரு படியின் உயரம் 7 அங்குலம், கால் வைக்க 10 அங்குலம். தளத்தின் கனத்தையும் சேர்த்து 92 அங்குலம் ஏறணும் என்றால் 13 ஏற்றம், 12 படி, கடைசி ஏற்றம் மாடித் தளத்திலேயே முடிந்துவிடும். நீளம் 10 அடி வந்துவிடும். அகலம் இரண்டரை அடி போதும் என்று வைத்தாலும் 25 சதுர அடி. இருப்பதே 150. கீழே ஆறில் ஒரு பங்கு போச்சு, மேலேயும் அதே அளவு ஓட்டை, அதுவும் போச்சு. ஒருவர் கால் நீட்டிப் படுக்கும் இடத்துக்கு மேலேயே அது. ஒழுங்கான படி வைத்தால் வீட்டில் ஒரு ஆள் குறையணும்.

அத்தை வீட்டு ஏணிக்கு 8 ஏற்றம்தான், ஒவ்வொன்றும் பதினொன்றரை அங்குலம். அகலம் ஒன்றரை அடி. கால் சந்துக்குள் இரண்டரை அடி நீண்டிருக்கிறது, அதற்குச் சந்தில் யாரும் வாடகை கேட்பதில்லை. படிகள் ஆறங்குலப் பட்டை, வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறார்கள். நான் வழுக்கிய மூன்றாவது படியில் டியூப் பிய்ந்திருந்தது. மேலே கதவு நிலையில் ஒரு கம்பி, அதிலிருந்து கயிறு தொங்குகிறது, ஒரு சாண் இடைவெளியில் முடிச்சு. முடிச்சுகளெல்லாம் கை பட்டுப் பட்டு எண்ணெய் தேய்த்த மாதிரி கறுத்து மின்னுகின்றன. கீழே இருக்கிற முடிச்சு ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. அது பேத்திக்காகப் போட்டதாம்.

மத்தியானம் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, இந்த ஏணி எப்போதும் வெளியே இல்லை. முன்பு வீட்டுக்குள்ளேயே இருந்தது, மோரிக்கு எதிர் மூலையில், மேல் தளத்தில் இரண்டரைக்கு மூன்று அடி ஓட்டை விட்டு. அத்தானுக்குக் கல்யாணமானபோது மாடியைப் புதுமணத் தம்பதிக்குக் கொடுத்தார்கள். ராத்திரி பாத்ரூம் போக மருமகள் இறங்கினால் ஏணி வந்து முடிகிற இடத்தில் மாமனார் தலை. மாமா இருமுவார், இந்தப் பெண் மேலேயே நின்றுவிடும். ராத்திரி தண்ணி குடிப்பதையே விட்டுவிட்டேன் என்று அக்கா என்னிடம் சொன்னார். ஒரு வருஷம் பொறுத்து அத்தானே வெல்டரைக் கூட்டிவந்து ஏணியை வெளியே மாற்றிவிட்டார், மாடிச் சுவரை உடைத்து ஒரு கதவு. மாமா ஒரு வாரம் பேசவில்லையாம். அத்தை பேசினாள், ஆனால் அவள் சொன்னது இதுதான்: "ஏணி வெளிய போன அன்னைக்கே அடுப்பு ரெண்டாச்சு."

சண்டை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அக்கா மேலே தனியாக ஒரு ஸ்டவ் வைத்துக்கொண்டார். உள்ளே இருந்தபோது மேல் வீடு ஒரு அறை, வெளியே போனதும் அது ஒரு வீடு. பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில் எல்லாம் பார்த்தால் ஏணி வெளியே இருக்கிற மாடிகள் பெரும்பாலும் வாடகைக்கு விட்டவை. உள்ளே இருந்தால் மேலே சொந்தப் பிள்ளை. நான் போகிற இடமெல்லாம் இனி ஏணியைப் பார்த்துத்தான் குடும்பத்தைப் படிப்பேன் போலிருக்கிறது.

பழைய ஓட்டையை முழுக்க மூடவில்லை. கல்லைப் போட்டு அடைத்தபோது ஒரு அடிக்கு ஒரு அடி விட்டுவைத்து மரமூடி போட்டிருக்கிறார்கள். அத்தையின் யோசனை. அவளுக்கு முட்டி போய்விட்டது, நாலு வருஷமாக மாடியைப் பார்க்கவேயில்லை. மேல்வீட்டில் புது டிவி வாங்கியதைக்கூடச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டாளாம். ராத்திரி எட்டு மணிக்கு மேலிருந்து மூடி திறந்தது. கயிற்றில் கட்டிய சின்ன எவர்சில்வர் வாளி இறங்கி வந்தது. உள்ளே ஒரு டம்ளர் ரசம். அத்தை அதை எடுத்துக்கொண்டு, கத்திரிக்காய்க் கூட்டை ஒரு கிண்ணத்தில் வைத்து, தட்டால் மூடி, வாளியில் வைத்து, கயிற்றை இரண்டு தடவை சுண்டினாள். வாளி மேலே போனது. நடுவில் ஒரு பேச்சு இல்லை.

மூன்றாம் நாள்: தாராவியில் பொங்கல்

அக்காவின் அம்மா வீடு தாராவியில். பொங்கலுக்கு எல்லாரும் அங்கே.

90 அடி சாலையில் பொங்கல் வைப்பதைப் பற்றிப் படித்திருக்கிறேன், பார்த்தது இன்றைக்குத்தான். வரிசையாகச் செங்கல் அடுப்பு, வரிசையாகப் பானை, மஞ்சள் கட்டின கழுத்து, புகை கண்ணைக் கரிக்கிறது, பக்கத்திலேயே பஸ் ஹாரன். ஊரில் வாசலில் வைப்பது. இங்கே வாசல் என்று ஒன்று இல்லை, நிலைப்படியைத் தாண்டினால் சந்து, சந்தில் அடுப்பு வைத்தால் போகவர வழியில்லை, அதனால் மொத்தப் பேரும் சாலைக்கு வந்துவிட்டார்கள். பானை பொங்கும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் குலவை போட்டதில் என் தொண்டை அடைத்துக்கொண்டது, புகைதான் என்று அக்காவிடம் சொன்னேன்.

வீடு ஒரு சந்துக்குள் மூன்று திருப்பம் தாண்டி. கீழே அக்காவின் பெரியம்மா மகன் முறுக்குப் போடுகிற பட்டறை. 10க்கு 12. இன்றைக்கு அடுப்பு அணைந்திருந்தாலும் எண்ணெய் வாசனை சுவரிலிருந்தே வருகிறது. முதல் மாடியில் அக்காவின் அம்மா. அதற்கும் மேலே முறுக்கு வேலைக்கு வருகிற உத்தரப் பிரதேசப் பையன்கள் நாலு பேர். ஏணி சந்திலிருந்து ஏறி, முதல் மாடிக் கதவைத் தொட்டு, அங்கிருந்தே இன்னொரு ஏணியாக மேலே போகிறது. மேல்மாடிப் பையன்கள் வேலை முடிந்து ஏறினால் அக்காவின் அம்மாவின் கதவுக்கு முன்னால் அரை அடி அகலத்தில் நின்று கால் மாற்றணும். அம்மா கதவைப் பூட்டுவதில்லை. "அந்தப் பிள்ளைங்க என் முன்னாடிதான் ஏறுது. எவன் குடிச்சிருக்கான்னு காலடிச் சத்தத்துலயே தெரிஞ்சிரும்" என்றார்.

சாப்பிட்டு உட்கார்ந்ததும் பேச்சு தானாக, தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டுகிற மறுசீரமைப்புத் திட்டத்துக்குப் போனது. தாராவியில் இப்போது வேறு பேச்சே இல்லை. 2024 மார்ச்சில் கணக்கெடுப்பு ஆரம்பித்தது. திட்டத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: 2000 ஜனவரி 1க்கு முன்னால் இருந்த கீழ்வீட்டுக்காரருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்கு 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் கட்டி. மேல்மாடியில் இருப்பவருக்கு, 2022 நவம்பர் 15க்கு முன்னால் இருந்திருந்தால், வெளியே 300 சதுர அடி, வாடகை கட்டிக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

அதாவது ஏணிக்குக் கீழே இருந்தால் தாராவி, மேலே இருந்தால் வேறு எங்கேயோ. அக்காவின் அம்மா இந்த மாடியில் 31 வருஷமாக இருக்கிறார். கீழ்வீட்டுப் பத்திரமெல்லாம் பெரியம்மா வீட்டுப் பேரில். அந்தக் காலத்தில் அக்கா தங்கை இரண்டு பேரும் ஒரே வீடாகத்தான் இருந்தார்கள், நான் கேட்டேன், ஏணி அப்போது உள்ளேதான் இருந்ததாம். பட்டறை போட இடம் வேண்டும் என்று வெளியே மாற்றியது 1999இல். பெரியம்மா மகன் அங்கேயே உட்கார்ந்திருந்தார், நல்ல மனுஷன், தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் நீட்டிக்கொண்டே இருந்தார். "சித்திய விட்டுட்டு நான் மட்டும் போவேனா" என்றார். அக்காவின் அம்மா பதில் சொல்லாமல் முறுக்கு ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தார்.

திட்டம் சரியா தப்பா என்று என்னைக் கேட்டால், மழைக்குச் சாக்கடை உள்ளே வருகிற வீட்டில் ஒரு நாள் கூட இருக்காத நான் "இப்படியே இருக்கட்டும்" என்று சொல்வது அயோக்கியத்தனம். ஆனால் இந்த ஊரில் மாடி என்பது பின்னால் ஒட்டவைத்தது இல்லை. வீடு பிள்ளை பெற்ற மாதிரி பெற்றது. அதைத் தனியாக எண்ணித் தனியாக அனுப்புவது எனக்கு ஒட்டவில்லை.

நான்காம் நாள்: ஒர்லியில் ஒரு அகலமான படி

அத்தானுடன் வேலை பார்க்கிற மராத்திக்காரர் ஒருவரின் அம்மா பிடிடி சாலில் இருக்கிறார். ஒர்லியில் இன்னும் இடிக்காத கட்டடங்களில் ஒன்று. "படி பாக்கணும்னா அங்க வா" என்று அத்தானே கூட்டிப்போனார், நான் படிப்பைத்தியம் என்பது இதற்குள் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

சால் என்றால் வரிசை அறைக் கட்டடம். இவை 1920களில் பிரிட்டிஷ்காரர்கள் தொழிலாளிகளுக்குக் கட்டியவை. பம்பாய் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட், அதன் சுருக்கம்தான் பிடிடி. கீழும் மூன்று மாடியும், ஒரு மாடிக்கு 20 அறை, கட்டடத்துக்கு 80. ஒரு அறை 160 சதுர அடி. அத்தை வீட்டைவிட 10 சதுர அடிதான் அதிகம், ஆனால் உள்ளே போனதும் மூச்சு நன்றாக வந்தது. உயரம் ஒரு காரணம். இன்னொன்று, ஏறுகிற வேலை முழுக்க அறைக்கு வெளியே, பொதுவில். படிக்கட்டு அகலமானது, நாலு பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பலாம். நடுவழி நீளமாக ஓடுகிறது, இரண்டு பக்கமும் கதவுகள். கழிப்பறை கோடியில், எல்லாருக்கும் பொது, அதைப் பற்றி அந்த அம்மா சொன்னதை எழுதினால் சாப்பிடுகிறவர்கள் திட்டுவீர்கள்.

அவர் போகா (அவல் உப்புமா) கொடுத்தார், கட்டிங் டீயும் வந்தது. தன் மகன் பத்தாம் வகுப்புக்குப் படித்தது இரண்டாம் மாடித் திருப்பத்துப் படியில் உட்கார்ந்து, அங்கேதான் லைட் இருந்தது என்றார். 2025 ஆகஸ்டில் இதே ஒர்லியில் முதல் 556 குடும்பங்களுக்குப் புது வீட்டுச் சாவி கொடுத்தார்கள், 500 சதுர அடி. ஜன்னலிலிருந்து அந்தக் கோபுரங்கள் தெரிகின்றன. இவருக்கும் வரப்போகிறது. சந்தோஷமா என்று கேட்டேன். "உள்ளேயே பாத்ரூம்" என்றார். அதற்குமேல் அவருக்கு வேறு வாக்கியம் தேவைப்படவில்லை.

ஐந்தாம் நாள்: லிஃப்ட்

இன்றைக்குச் சுருக்கமாக. மான்குர்ட் பக்கம் ஒரு மறுகுடியமர்வுக் கட்டடத்தில் அத்தையின் மூத்த மகள் இருக்கிறாள். தண்டவாளத்தோரம் இருந்த குடிசையை எடுத்துவிட்டுக் கொடுத்தது, 225 சதுர அடி. குடிசை மாற்றுத் திட்டத்தில் 1995இல் வைத்த அளவு அது. அப்புறம் 269 ஆனது, இப்போது 300. முன்னால் வாங்கியவர்களுக்கு 225தான்.

கக்கூஸ் உள்ளே, குழாய் உள்ளே, கரண்ட் மீட்டர் சொந்தப் பேரில். இதெல்லாம் சின்ன விஷயமில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஜன்னல், கையை நீட்டினால் உப்பு வாங்கலாம், மத்தியானம் பன்னிரண்டுக்கும் டியூப்லைட். ஐந்தாவது மாடி. லிஃப்ட் மூன்று மாதமாக ஓடவில்லை. அத்தை இந்த வீட்டுக்கு வந்தது கடைசியாகப் போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. சீட்டா கேம்பில் ஏழு படி ஏற முடியாதவள் இங்கே எப்படி வருவாள். நாங்கள் கிளம்பும்போது மச்சினி ஒரு டிபன் பாக்ஸில் அதிரசம் கொடுத்தாள், அம்மாவுக்கு. இங்கே ஓட்டையும் இல்லை, வாளியும் இல்லை, நான்தான் வாளி.

இன்னொன்று சொல்லணும். இந்தக் கட்டடத்தில் மேலே ஒரு அறை ஏற்ற முடியாது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் என்ன செய்வாய் என்று கேட்டேன், அவளுக்கு ஒரே பையன், பதினேழு வயது. "திரை போடணும், வேறென்ன" என்றாள். பத்துக்குப் பதினைந்தில் மண்ணும் 14 அடி வானமும் இவர்கள் கையில் இருந்தது. இங்கே பாத்ரூம் கையில் இருக்கிறது. எது வேண்டும் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஆறாம் நாள்: திரும்பும் ரயிலில்

காலையில் கிளம்புமுன் ஏணியின் மூன்றாவது படிக்குப் புது டியூப் சுற்றிவிட்டு வந்தேன். சைக்கிள் கடையில் பழைய டியூப் இருபது ரூபாய். மாமா பக்கத்தில் நின்று, இழுத்துச் சுத்து, இன்னும் இழு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து வருஷம் முன்னால் ஏணி மாறியபோது ஒரு வாரம் பேசாத மனுஷன், இப்போது துரு பிடிக்குதா என்று பார்ப்பது அவர்தான், வருஷத்துக்கு ஒரு தடவை மழைக்கு முன்னால் பெயிண்ட் அடிப்பதும் அவர்தான்.

அத்தை பையில் முறுக்கு வைத்தாள். மேலே மூடி திறந்து, பேத்தி தலைகீழாக எட்டிப் பார்த்து, "அத்தே, டாட்டா" என்றது. முகம் மட்டும்தான் அந்த ஓட்டையில் அடங்கும்.

ரயிலில் சோலாப்பூர் வரை தூங்கினேன். முழித்ததும் லேப்டாப்பைத் திறந்து 18க்கு 20ஐ மறுபடி எடுத்தேன். நாலு மாதமாக நான் படியை உள்ளே வைக்கத்தான் முயற்சி பண்ணிக்கொண்டிருந்தேன், இப்போதுதான் அது உறைத்தது. அம்மா கீழே இருக்கிறாள், படி வெளியே போனால் மழையில் அம்மாவைப் பார்க்க நனைந்துகொண்டு இறங்கணும், தம்பி பொண்டாட்டி வாசலில் நின்று கூப்பிட்டுத்தான் உள்ளே போகணும் என்றெல்லாம் எனக்குள்ளே ஒரு கணக்கு. தம்பி ஆரம்பத்திலிருந்தே வெளியே என்றுதான் சொன்னான், நான் அவன் பிரிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். ராத்திரி தண்ணி குடிப்பதை விட்ட அக்காவை நினைத்துப் பார்த்தால், தம்பி பொண்டாட்டி படுக்கிற ஹால் வழியாக நான் ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸ் முடிந்து பையோடு ஏறுவது எப்படி இருக்கும் என்பது அவளிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

தெற்கு ஓரத்தில் வெளியே வரைந்தேன். இரண்டடி ஒன்பது அங்குல அகலம், ஒழுங்கான படி, 7க்கு 10, கைப்பிடியோடு. மேல் பாதிக்குக் கீழே கழிப்பறை வைத்தால் இடமும் வீணாகவில்லை. முகவாசலுக்கு மேல் சின்ன சன்ஷேடு, அம்மா மழையில் நின்று கூப்பிட்டால் நனையாத மாதிரி.

வாடி தாண்டியதும் சிக்னல் கிடைத்தது. மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"படி வெளியே அண்ணே. தெக்குப் பக்கம்."

"அப்பாடா. இதைத்தானே நாலு மாசமா கேட்டேன்."

"ஸ்லாப் போடும்போது ஒரு ஓட்டை விடணும். ஒரு அடிக்கு ஒரு அடி. அம்மா கட்டில் போடுற இடத்துக்குப் பக்கத்துல, தலைக்கு நேரா வேண்டாம், ஒரு அடி தள்ளி."

"எதுக்கும்மா? பைப் லைனுக்கா? பைப்புக்கு அவ்ளோ பெருசு வேணாமே."

"குழம்புக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"சரி, சுத்தி ரெண்டு கம்பி சேத்துப் போடணும்" என்றார். "மூடி யாரு செய்யிறது, நானா கார்பெண்டரா?"